பைன் டீப்பாயில் வெள்ளை பெயின்ட்டைத் தாண்டி வரும் மஞ்சள் கறை

இடம் கோவை. பழைய பேலட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பிரித்த பைன் பலகையில் செய்த டீப்பாய், 4க்கு 2 அடி, பலகை கனம் முக்கால் அங்குலம். முரட்டுத் தோற்றம் வேண்டும் என்று கணுக்களை அப்படியே விட்டிருக்கிறேன். மேலே தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வெள்ளை, 2 கோட். பத்தாம் நாள், கணு உள்ள 7 இடங்களிலும் மஞ்சளும் பழுப்புமாகக் கறை எழும்பிவிட்டது. மற்ற இடமெல்லாம் சுத்தம். ஆக, ஈரக்கசிவு இல்லை, கணுவின் பிசின்தான்.

முதலில் 120 நம்பர், பிறகு அதைவிட நைசான 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, அக்ரிலிக் வுட் பிரைமர் ஒரு கோட், மேலே வெள்ளை அடித்தேன். 4 நாளில் கறை திரும்பியது. அடுத்து தின்னர் துணியால் கணுவைத் துடைத்து, ஆயில் பிரைமர் ஒரு கோட், ஒரு நாள் காயவிட்டு மறுபடி வெள்ளை. கறை வெளிறியதே தவிர போகவில்லை. ஜன்னல் வெயில் விழும் பக்கம் 2 கணுக்களில் பிசின் கையிலேயே ஒட்டுகிறது.

மெழுகு நீக்கிய அரக்குச் செதிலை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். அதை இப்போதுள்ள பெயின்ட் மேலேயே கணுவில் பூசினால் பிசின் அடைபடுமா, இல்லை மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டுமா?