எக்ஸ்எம்எல் தரவை உறவுசார் தரவுத்தளத்தில் சேமிப்பது குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். இணையச் செயலி ஒன்றுக்கு எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் வடிவம்) கோப்புகளாக வரும் ஆர்டர்களைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற உறவுசார் (அட்டவணைகளாக அமைந்த) தரவுத்தளத்தில் சேமிக்கிறோம். ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்எம்எல் வகை நெடுவரிசையில் முழுமையாக வைத்திருப்பதால் மூல ஆவணம் சிதையாமல் இருக்கிறது. ஆனால் அந்த வகைக்கு ஒப்பீட்டுச் செயற்குறிகள் இல்லாததால் அதன்மீது நேரடியாக இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) அமைக்க இயலவில்லை, வாடிக்கையாளர் எண்ணைத் தேடும் ஒவ்வொரு முறையும் எல்லா ஆவணங்களையும் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல் ஆவணத்தின் கூறுகளைத் தேடும் மொழி) கொண்டு அலச வேண்டியிருக்கிறது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் பதிப்பு 10 முதல் உள்ள, எக்ஸ்எம்எல் தரவை அட்டவணை வரிசைகளாக மாற்றும் எக்ஸ்எம்எல்டேபிள் மூலம், அடிக்கடி தேடப்படும் கூறுகளை மட்டும் தனி அட்டவணைக்குப் பிரித்தெடுத்து, மூல ஆவணத்தையும் அப்படியே வைத்திருப்பதே பொருத்தமானது என்று கருதுகிறேன். அனுப்புநர் அவ்வப்போது புதிய கூறுகளைச் சேர்ப்பதால் அனைத்தையும் பிரிப்பது வீண்வேலை.

இம்முறையைக் கையாண்டவர்கள், ஆவணம் திருத்தப்படும்போது மூல ஆவணமும் தனி அட்டவணையும் முரண்படாமலிருக்க ட்ரிக்கரைப் (தரவு மாறும்போது தரவுத்தளம் தானாக இயக்கும் நிரல்) பயன்படுத்தினீர்களா, செயலியின் நிரலிலேயே ஒரே பரிவர்த்தனைக்குள் (எல்லா மாற்றங்களும் சேர்ந்தே நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத தொகுப்பு) எழுதினீர்களா என்பதைக் காரணத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.