பிளான் போட்டும் வேலை இழுத்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மாடியில் இரண்டு ரூம் கட்ட ஆரம்பித்தேன், ஆவணியில் பூசை போட்டுத் தீபாவளிக்குள் முடிப்பதாகக் கணக்கு. தனி நோட்டு வாங்கி எல்லா வேலையையும் வரிசையாக எழுதி, தேதி, தொகை எல்லாம் குறித்து, வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் தச்சர் பட்டறையில் நின்று "ஜன்னல் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அவரும் தொல்லை தாங்காமல் சீக்கிரமே முடித்துக் கொடுத்துவிட்டார்.

கூரைத் தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயந்திரம். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மிக்சர் மெஷினுக்கு அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டிய ஒயர் பைப் கம்பிக்கு நடுவே ஒன்றுகூட இல்லை, பேன் மாட்டுகிற பாக்ஸும் இல்லை. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் பண்ருட்டியில் மச்சினன் கல்யாணத்தில் இருக்கிறார். "நீங்க தேதியே சொல்லலியே சார்" என்கிறார். சொல்லவில்லைதான். 'எலக்ட்ரிக் வேலை' என்று நோட்டில் ஒரே வரி, அதுவும் பூச்சுக்கு அப்புறம். சுவிட்ச் போர்டு மாட்டத்தான் அவர் வருவார் என்று நினைத்திருந்தேன்.

அவர் வர நாலு நாள். அதற்குள் கான்கிரீட் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் திரும்பி வர இன்னும் ஒன்பது நாள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பராமரிக்கிற வேலை பார்க்கிறவர். காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று அம்புக்குறி போட்டு, அதில் இருப்பதிலேயே நீளமான வழி எது என்று பார்க்க வேண்டுமாம். அந்த வழியில் ஒரு நாள் தள்ளினால் மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளும், மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். இதைக் கிரிட்டிகல் பாத் என்கிறார்கள், 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய முறை என்றார். என் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தால் ஜன்னலுக்கு மூன்று வாரம் சும்மா கிடந்தது! தளம், அது இறுகும்வரை கீழே தாங்கி நிற்கிற முட்டு, அப்புறம் பூச்சு, இதுதான் நீளமான வழி. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். காசைக் கொட்டினாலும் இந்த நாள் குறையாது. நான் துரத்த வேண்டிய ஆளை விட்டுவிட்டுத் தச்சரைத் துரத்தியிருக்கிறேன்.

*

புதுச்சேரி, முத்தியால்பேட்டை. நான் சாப்ட்வேர் செய்து கொடுக்கிறவன். ஒரு ஜவுளிக் கடைக்குப் பில்லிங் செய்தோம், ஆறு வாரம் என்று பேச்சு. ஒவ்வொரு வாரமும் முதலாளியின் மகன் பார்த்து "சூப்பர்ணே" என்பார், கூடவே "சின்னதா இதையும் சேர்த்துடுங்களேன்" என்பார். ஆறாவது வாரம் அப்பா வந்து உட்கார்ந்தார். கடனுக்குத் துணி எடுக்கிற பழைய வாடிக்கையாளர் கணக்கு எங்கே என்று கேட்டார். இல்லை. மகன் அதைச் சொல்லவே இல்லை, நாங்களும் அப்பாவிடம் போய்க் கேட்கவில்லை. கல்லாவில் உட்காருகிறவர் அவர்தான் என்பது கடைக்குள் நுழைந்த முதல் நாளே தெரிந்திருந்தும் கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கிட்டத்தட்ட பாதியைத் திருப்பிச் செய்தோம், சொந்தக் காசில்.

இப்போது ஒரு நோட்டு. யார் என்ன கூடுதலாகக் கேட்டாலும் அதற்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று அவர்கள் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து கேட்பேன். முடியாது என்று நான் சொல்வதே இல்லை. எழுதியதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் "அது கிடக்கட்டும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அவர்களே விட்டுவிடுகிறார்கள்.

*

கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்டு டவுன்). எல்லாம் சரி, ஆவணியில் ஆரம்பித்துத் தீபாவளிக்கு முடிப்பேன் என்று நம்ம ஊரில் இருந்துகொண்டு எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல். ஐப்பசி, கார்த்திகைக்குப் பத்துப் பதினைந்து நாளாவது சும்மா விட்டுத்தான் நான் தேதியே சொல்வேன், கேட்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அது இருக்கட்டும், கடைசியில் எப்போது குடி போனீர்கள்?

*

மஞ்சக்குப்பம்தான் மறுபடியும். நீங்கள் சொன்னது மாதிரியே ஆச்சு. தளம் போட்ட மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது, வெளிப்பூச்சு அப்படியே நின்றது. மார்கழியில் பால் காய்ச்ச அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, தையில்தான் போனோம். அந்த ஜன்னல்கள் அதுவரைக்கும் கீழ் வராந்தாவில் தார்ப்பாய் போர்த்திச் சாய்ந்து கிடந்தன. மழையில் மரம் ஊதிப்போய் இரண்டு கதவு மூடவில்லை. இழைத்துக் கொடுக்கத் தச்சரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வந்தவர், "அவசரம்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டார்.