நடு ஆளாகிப்போன ஸ்கேனர்

குன்னூரிலிருந்து:
1997, ஐப்பசி மழை. பெட்ஃபோர்டு பக்கம் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தேன். பழைய ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினி, அதன் பின்னால் ஸ்கஸி (SCSI, கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைக்கும் முறை) கேபிளில் ஒரு ஹார்டு டிஸ்க், அதற்கடுத்து ஸ்கேனர். புதிதாக 100 எம்பி ஜிப் டிரைவ் (பிளாப்பி போல மாற்றிப் போடும் வட்டுகளில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) வாங்கிக் கடைசியில் மாட்டினோம். அன்று பிடித்தது சனியன். சிறிய கோப்புகள் ஒழுங்காகப் போகும். கல்யாணப் பத்திரிகைப் படங்களை நகலெடுத்தால் பாதியில் திரை உறைந்துவிடும்.

முதலாளி பனியின் மேல் பழி போட்டார். நானும் நம்பினேன். டிரைவுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் 60 வாட் பல்பை எரியவிட்டோம். டிரைவுக்குக் குளிர் விட்டதோ இல்லையோ, பூனை அங்கேயே குடியேறிவிட்டது.

மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்ததால் கோவை மெக்கானிக் வந்துசேர நான்கு நாள் ஆனது. வந்தவர் ஸ்கேனரின் டெர்மினேட்டர் (முனைக்கு வந்த சிக்னலை உள்வாங்கும் மின்தடையம்) சுவிட்சை அணைத்து, ஜிப் டிரைவில் இருந்ததைப் போட்டார். அவ்வளவுதான். டெர்மினேட்டர் வரிசையின் இரு முனைகளில் மட்டுமே இருக்க வேண்டுமாம். ஒரு முனை கணினிக்குள்ளேயே இருந்தது. மறுமுனையில் அந்த மின்தடையம் இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பி வந்து, பின்னால் வருவதையும் கலைத்துவிடும். ஸ்கேனர் கடைசியில் இருந்தவரை அதன் சுவிட்ச் சரி. ஜிப் வந்ததும் அது நடு ஆள். எங்களுக்குத்தான் அது உறைக்கவில்லை.

கோத்தகிரியிலிருந்து:
உங்களுக்கு நான்கு நாள், எனக்கு ஒரு மாதம். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மேக் பிளஸ். 1986இல் வந்த மாடல், ஸ்கஸி இணைப்போடு வந்த முதல் மெக்கின்டாஷ் அதுதான். ஆனால் டெர்மினேட்டருக்கு வேண்டிய மின்சாரத்தை அது தருவதில்லை; டிரைவ்தான் தர வேண்டும். நானோ கணினியை முதலில் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து டிரைவைப் போடுவேன். டிஸ்க் தெரியவே தெரியாது. டிரைவை முதலில் போட்டு, அது சுழலத் தொடங்கியபின் கணினியைப் போட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஊட்டியிலிருந்து:
ஐடி எண்ணையும் பாருங்கள்; வரிசையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் இருக்க வேண்டும். 7 கணினிக்கு, 0 பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிஸ்குக்கு. ஜிப் டிரைவில் 5, 6 என்று இரண்டே எண்கள். என் ஸ்கேனரும் 5, ஜிப்பும் 5. இரண்டும் வாய் திறக்கவில்லை. எரிச்சலில், மின்சாரத்தை நிறுத்தாமலேயே கேபிளைப் பிடுங்கினேன். மதர்போர்டில் ஒரு பியூஸ் போனது. அதற்கும் கோவைதான் போக வேண்டியிருந்தது. நல்லவேளை, அந்த வாரம் சாலை திறந்திருந்தது.