மாமியாரின் பழைய தொட்டிலா, கடைக் கட்டிலா?

கேள்வி (யாங்கோன்):
அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. என் மாமியார் தம் பிள்ளைகளைக் கிடத்திய தேக்குத் தொட்டிலைத் தருவதாகச் சொல்கிறார். அதன் பச்சை வண்ணம் ஆங்காங்கே உரிந்துள்ளது. கடையில் பார்த்த மரத்தூள் பலகைக் கட்டிலிலோ கண்ணை எரிக்கும் நெடி வீசுகிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி (மோல்மீன்):
தம்பி, பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவிலேயே வீட்டு வண்ணங்களில் அதைத் தடை செய்தது 1978-இல்தான். பல் முளைக்கும் பிள்ளை கைப்பிடி விளிம்பைக் கடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அந்தத் தொட்டிலைப் பயன்படுத்தாதீர்கள். உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். அந்தத் தூசி கருவுற்றிருக்கும் உங்கள் மனைவிக்கும் கேடு. (மாமியாரைச் சமாதானப்படுத்துவது உங்கள் பொறுப்பு!)

மறுமொழி (யாங்கோன், தச்சுப் பட்டறை):
அந்த நெடி, பலகைத் தூளை ஒட்டும் யூரியா பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயு. அது பல மாதங்கள் வரை நீடிக்கலாம். நம் ஊரில் தேக்குக்குப் பஞ்சமில்லையே, ஒட்டுப்பலகை கலக்காத முழு மரத்தில், வண்ணம் பூசாமல் செய்யச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். கீழிறங்கும் பக்கத்தடுப்பும் வேண்டாம். பல குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் அதன் விற்பனை 2011-இல் தடை செய்யப்பட்டது. மெத்தை கெட்டியாக, ஓரத்தில் இரண்டு விரல் நுழையாதபடி பொருந்த வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அளவுகோலுடன் நாளையே தச்சரிடம் போகிறேன். பழைய தொட்டிலில் மாமியார் பூச்செடி வைக்கப்போகிறாராம்.