கோடியக்கரையில் பூநாரை பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

வணக்கம். தை மாதம் அம்மாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று நாள் வேதாரண்யம் பக்கம் வருகிறோம். போன தடவை கோடியக்கரைக்கு உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம். கானலுக்கு அப்பால் வெளிறிய சிவப்பில் ஒரு கோடு தெரிந்தது. அவைதான் பூநாரைகள் என்றேன். மகள் இன்றுவரை நம்பவில்லை! வெளிமான்கள்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றின.

இந்த முறை விடியலிலேயே போய்விடுவோம். உப்பளப் பக்கமா, சதுப்பு நிலப் பக்கமா, எங்கே நின்றால் கிட்டத்தில் தெரியும்? அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க இயலாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படகுக்கு முன்அனுமதி வேண்டுமா? திரும்பும்போது உதயமார்த்தாண்டபுரம், வடுவூர் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. தையில் எந்த ஏரியில் பறவைகள் நிறைய இருக்கும்? அண்மையில் போய்வந்தவர்கள் சொன்னால் நல்லது.