திருகோணமலை வெளியீடுகளுக்கான மீதரவு: 15 கூறுகள் போதுமா, விரிவான பட்டியலாக்கம் வேண்டுமா?

உப்புவெளி வாசகர்:
நகரிலுள்ள சிறிய வாசிகசாலை ஒன்றின் உள்ளூர்ச் சேகரிப்பைக் கணினியில் பதியும் வேலை தொடங்கவிருக்கிறது. கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், அந்தியேட்டி நினைவு மலர்கள், இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன சஞ்சிகைகள் என்று, வேறிடத்தில் இன்னொரு படி இருக்குமென்று நம்ப முடியாத வெளியீடுகளே அதில் அதிகம். எந்த மீதரவு முறையை, அதாவது ஒவ்வொரு வெளியீட்டையும் பற்றிய விவரங்களைப் பதியும் முறையைக் கைக்கொள்வது என்பதில் எங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. டப்ளின் கோர் முறையின் 15 கூறுகளே போதும் என்பது என் நிலைப்பாடு. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த கூட்டத்தில் தொடங்கிய அந்த முறை, பட்டியலாக்கப் பயிற்சி பெறாதவரும் ஒரு வளத்தை விவரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எண்ணியே எளிமையாக வைக்கப்பட்டது. தலைப்பு, ஆக்கியோர், பொருள், திகதி, மொழி, உரிமை என்று செல்லும் கூறுகளில் எதுவும் கட்டாயமில்லை. எதையும் எத்தனை முறையும் இடலாம். மாலையில் மட்டும் வரக்கூடிய தொண்டர்களை வைத்துக்கொண்டு, நூலகங்கள் விரிவான பட்டியலாக்கத்துக்குப் பயன்படுத்தும் மார்க் 21 முறையில் இறங்கினால் முதல் அலுமாரியைத் தாண்ட மாட்டோம். பதியப்படாத மலர் வாசகரைப் பொறுத்தவரை இல்லாத மலர்தான்.

கோட்டையடி நூலகர்:
ஐயா, தொண்டர்களின் நேரம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட வெளியீடுகளே உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கின்றன. கும்பாபிஷேக மலர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அட்டையில் ஒரு தலைப்பு இருக்கும், உள்ளே தலைப்புப் பக்கத்தில் சற்றே வேறான இன்னொன்று இருக்கும். ஆசிச் செய்திகளையும் வாழ்த்துரைகளையும் கடந்த பிறகு ஆலய வரலாறு, சாசனம் பற்றிய கட்டுரை, பழைய ஊர்ப்பெயர்கள் பற்றிய கட்டுரை என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆசிரியருடையதாக வரும். வாசகர் தேடி வருவது மலரை அல்ல, அந்தக் கட்டுரைகளில் ஒன்றை. மார்க்கில் 245ஆம் புலம் தலைப்புக்கும், 246 மாற்றுத் தலைப்புக்கும், 651 இடப்பெயர்ப் பொருட்தலைப்புக்கும், 773 கட்டுரை எந்த வெளியீட்டுக்குள் இருக்கிறது என்று காட்டுவதற்கும் உரியவை. டப்ளின் கோரின் அடிப்படைக் கூறுகளில் இரு தலைப்புகளும் ஒரே பெட்டிக்குள் விழும். எது அட்டையிலுள்ளது, எது உள்ளேயுள்ளது என்பது தெரியாமல் போகும். விரிவான பதிவிலிருந்து சுருக்கமானதைக் கணினியே எடுத்துத் தரும்; சுருக்கமானதிலிருந்து விரிவானதை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. நியூசிலாந்தில் உருவாகி 2000இல் வெளிவந்த கோஹா என்ற நூலக மென்பொருள் கட்டற்றது; அதில் தொண்டருக்குத் தேவையான புலங்களை மட்டும் காட்டும் படிவத்தை அமைத்துக் கொடுத்தால் உங்கள் அலுமாரி நிச்சயம் நகரும்.

நிலாவெளிக் கணினியாளர்:
இருவருமே பழைய உலகத்தில் நின்று வாதிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிவருடி (ஸ்கேன் செய்து), படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் மூலம் உரையாக மாற்றிவிட்டால் முழு உள்ளடக்கத்தையும் தேடலாம். அதன் பிறகு பொருட்தலைப்பு எதற்கு, 773 எதற்கு? அந்தப் பணத்தையும் நேரத்தையும் ஒளிவருடலுக்குச் செலவிடுங்கள்.

மூதூர் ஆசிரியை:
ஒளிவருடல் அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மீதரவின் இடத்தை நிரப்பும் என்பதை ஏற்க முடியவில்லை. முதலாவது, அச்சுக்கோத்த காலத்து மலர்களில் லை, ணை, னை ஆகியவை பழைய கொம்பு வடிவில் இருக்கின்றன. இன்றைய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி அவற்றில் தடுமாறும்போது ‘திருகோணமலை’ என்ற பெயரே சிதைந்துதான் பதிவாகும். இரண்டாவது, எழுத்துணரி பிழையே செய்யாவிட்டாலும் சிக்கல் தீராது. இந்த ஊரைப் பற்றிய எழுத்துகளில் திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, கோகர்ணம், தட்சிண கைலாசம் என்று பல பெயர்கள் வருகின்றன. சம்பந்தர் தேவாரத்தில் அது கோணமாமலை. கோகர்ணம் என்று மட்டும் எழுதிய கட்டுரையாளரைத் ‘திருகோணமலை’ என்று தட்டித் தேடும் மாணவி ஒருபோதும் கண்டடைய மாட்டாள். இந்த வடிவங்களையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ் இணைத்து வைக்கும் வேலையைப் பக்கத்தின் உரை செய்யாது. பட்டியலாக்குபவர்தான் செய்ய வேண்டும்.

ஆட்பெயர்களிலும் இதே நிலைதான். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் பெயர் ஒரு நூலில் முழுமையாகவும், இன்னொன்றில் கா. சிவத்தம்பி என்றும், ஆங்கில நூலில் வேறு எழுத்திலும் இருக்கிறது. அவ்வளவு அறியப்பட்டவரைப் பிறர் சேர்த்துவிடுவார்கள். நம் மலர்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு மட்டும் எழுதிய உள்ளூர் ஆசிரியர்களை யார் சேர்ப்பது? அவர்களை நேரில் அறிந்தவர்கள் இருக்கும்போதே பெயர்களை உறுதிப்படுத்தி எழுதி வைக்காவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் செய்ய முடியாது.

உப்புவெளி வாசகர்:
ஆசிரியை சொல்வது முறைகளைக் கடந்த விடயம். பெயர்ப்பட்டியல் சீராக இல்லாவிட்டால் மார்க் பதிவும் பயன் தராது. சீராக இருந்தால் 15 கூறுகளும் நன்றாகவே வேலை செய்யும். ஆகவே என் நிலைப்பாடு இதனால் வலுவடைகிறது என்றே கருதுகிறேன்.

கோட்டையடி நூலகர்:
முழுவதும் அப்படியல்ல, ஐயா. ஒரு பெயரின் மாற்று வடிவங்களைத் தனிப் பதிவாக வைத்து, ஒவ்வொரு நூற்பதிவையும் அதனோடு பிணைப்பதற்கான ஏற்பாடு மார்க்கில் வகுக்கப்பட்டிருக்கிறது. டப்ளின் கோரைப் பயன்படுத்துவோர் அதை வெளியே தாமாகவே அமைத்துக்கொள்ள வேண்டும். முடியாததல்ல, ஆனால் அமைக்கப்போவது யார் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

நிலாவெளிக் கணினியாளர்:
கோகர்ணம் பற்றிய வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஏற்கிறேன். ஆனால் உங்கள் பட்டியல்கள் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் இருந்தால் எந்த முறையும் உதவாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியிலும் கவனம் தேவை: ‘கோணேஸ்வரம்’ என்பதன் முதலெழுத்தில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யாத தேடுபொறிக்கு அவை இரு வேறு சொற்கள். தரவை ஏற்றுவதற்கு முன்பே இதைச் சீர்செய்துவிட வேண்டும்; அந்த வேலையை நான் செய்து தருகிறேன்.

உப்புவெளி வாசகர்:
மிக்க நன்றி. ஊர்ப்பெயர், ஆட்பெயர்ப் பட்டியலை முதலில் தொடங்குவதென்றும், ஆசிரியை அதற்குப் பொறுப்பேற்க இசைந்தால் அவரிடமே ஒப்படைப்பதென்றும் குழுவிடம் முன்வைக்கிறேன். மலர்களின் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பதிவு என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. உள்ளடக்கப் பக்கத்தை அப்படியே விவரணக் கூறில் தட்டச்சு செய்தால் போதும் என்றே நினைக்கிறேன்.

கோட்டையடி நூலகர்:
அப்படிச் செய்தால் ஆசிரியர் பெயர்கள் வெறும் வரிகளாகவே கிடக்கும், ஆசிரியை தயாரிக்கும் பட்டியலோடு இணையா. ஆலய வரலாறு, சாசனம், ஊர்ப்பெயர் பற்றிய கட்டுரைகளுக்கு மட்டுமாவது தனிப் பதிவு இடுங்கள், வாழ்த்துரைகளை விட்டுவிடலாம்.