"ப்ளே"க்குத் தமிழ் என்ன? சனிக்கிழமைக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம்.

பிலடெல்பியா பக்கம் ஒரு வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் ஏழாம் நிலைக்குப் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமை பேச்சுப்போட்டி. ஐந்து நிமிடம், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். என் வகுப்புப் பையன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் 2018இல் எங்கள் ஊர் ஈகிள்ஸ் நியூ இங்கிலாந்து அணியை 41-33 என்று வென்றதைப் பேசப்போகிறான். அவன் எழுதி வந்த ஒரு வரி: "அந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் அந்த ஆட்டத்தை ஆடச் சொன்னதால்தான் ஆட்டத்தை வென்றோம்." வீட்டில் வாசித்துக் காட்டினானாம். "ஏன்டா, டான்ஸ் போட்டியா?" என்று தாத்தா கேட்டாராம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து கிளம்பியதிலிருந்து விசில் ஊதும்வரை சில நொடி நடப்பதுதான் ஒரு ப்ளே. பதினொரு பேரில் யார் எங்கே ஓடுவது, யாரை மறிப்பது எல்லாம் முன்பே எழுதி ஒத்திகை பார்த்தது. ஓர் அணி ஒரு போட்டியில் 60 சொச்சம் ப்ளே ஆடும். பையன் சொல்லும் ப்ளேயில் பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் எறியாமல் ஓரமாக ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தார். ஆக ப்ளே, ப்ளேபுக் (எல்லா ப்ளேயும் எழுதிய ஏடு), கேம் பிளான் (ஒரு போட்டிக்கான மொத்தத் திட்டம்), ஆடிபிள் (கடைசி நொடியில் ப்ளேயை மாற்றிக் கத்துவது) என நான்கு சொல் வேண்டும்.
ஏழாம் நிலை ஆசிரியை

*

அக்கா, இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? விளையாட்டுப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "வியூகம்" என்றுதான் போடுகிறோம். தேர்தல் வியூகம், பந்துவீச்சு வியூகம் என்றால் டீக்கடையில்கூடப் புரிகிறது. வேலையை முடியுங்கள்.
நாளிதழ்க்காரன், சென்னை

*

தம்பி, வியூகம் வடசொல் என்பதுகூடக் கிடக்கட்டும், பொருளே பொருந்தவில்லை. டல்லாஸில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது ஞாயிறுதோறும் பேரனோடு உட்கார்ந்து இதைத்தான் பார்த்தேன். வியூகம் என்பது நிற்கிற நிலை. சக்கர வியூகம், கருட வியூகம் எல்லாம் படை நிற்கும் வடிவங்கள். இந்த ஆட்டத்திலும் முதலில் ஒரு வடிவத்தில் நிற்கிறார்கள், அதே வடிவத்திலிருந்து இருபது விதமாக ஓடலாம். நிற்பதற்கும் ஓடுவதற்கும் ஒரே சொல்லை வைத்தால் எதிரணி குழம்புவதற்கு முன் நாம் குழம்பிவிடுவோம்.

கேம் பிளானுக்கு நம்மிடம் "சூழ்ச்சி" இருக்கிறது. சூழ்தல் என்றால் கூடி ஆராய்தல். குறளில் சூழ்வார் என்றால் அரசனுக்குக் கண்ணாக இருக்கும் அமைச்சர். ஆட்டச்சூழ்ச்சி! தாக்கும் அணியை உழிஞையார், காக்கும் அணியை நொச்சியார் எனலாம். ஒருவன் மதிலை வளைக்கிறான், ஒருவன் காக்கிறான். புறத்திணையில் எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது.
ஓய்வுபெற்ற தமிழாசிரியன், தஞ்சாவூர்

*

ஐயா, "எங்கள் பயிற்சியாளரின் சூழ்ச்சியால் வென்றோம்" என்று அவன் மேடையில் சொன்னால் ஈகிள்ஸ் ஏமாற்றி ஜெயித்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். 2007இல் எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்து மாட்டி அபராதம் கட்டியது நியூ இங்கிலாந்து. வேண்டுமானால் அவர்களுக்குக் கொடுப்போம் அந்தச் சொல்லை. உழிஞை, நொச்சி எனக்கே பிடித்திருக்கிறது, ஆனால் நடுவர்களில் ஒருவர் பல் மருத்துவர், அவருக்கு நொச்சி என்றால் ஆவி பிடிக்கிற இலை.
ஏழாம் நிலை ஆசிரியை

*

ரொறன்ரோவில இருந்து ஒரு வார்த்தை. நீங்கள் கால்பந்து என்பதை நாங்கள் உதைபந்தாட்டம் என்போம். இந்த விளையாட்டில் அது இன்னும் மோசம், எப்போதாவதுதான் உதைக்கிறார்கள். அமெரிக்காவில் 10 கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு, இங்கே கனடாவில் மூன்றுதான். எனக்கு இதைப் பார்த்தால் ஊரில் விளையாடிய கிளித்தட்டு ஞாபகம் வரும், கோட்டை மறிக்கிறவன், தாண்டுகிறவன். ப்ளேக்கு "நகர்வு" சொல்லலாமே? சதுரங்கத்தில் பழகிய சொல்.

*

நகர்வு சதுரங்கத்துக்குச் சரி, அங்கே ஒரு காய்தான் நகரும். இங்கே பதினொரு பேர் ஒரே நொடியில் நகர வேண்டும்.

நான் சிலம்பமும் கூத்தும் பழகியவன். எனக்குப் பட்டது "அடவு". கால் எங்கே வைப்பது, எப்போது திரும்புவது என்று ஒத்திகை பார்த்து மனப்பாடம் செய்த ஓர் அலகு. ப்ளே அதுதானே? இதை வைத்தால் மீதிச் சொல் தானாக வரும். ப்ளேபுக் "அடவேடு". பயிற்சியாளர் வாயை மறைத்துக்கொண்டு பார்க்கிற அட்டை "அடவட்டை". சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ் போட்டிக்கு முன்பே முதல் 25 ப்ளேயை எழுதி வைப்பாரே, அது "அடவுவரிசை". நகர்வேடு என்று சொல்லிப் பாருங்கள், நகராட்சிக் கணக்கு மாதிரி இருக்கிறது. தனியாக அழகாக இருக்கும் சொல்லைவிடக் குட்டி போடும் சொல்தான் கலைச்சொல்லுக்கு உதவும்.
மொழிபெயர்ப்பாளன், விழுப்புரம்

*

அடவு! பிழைத்தோம். "அடைவு" என்பதிலிருந்து வந்தது, அடைவே என்றால் முறையே என்று பொருள், ஐகாரம் குறுகி... (இதற்குமேல் தஞ்சாவூர் ஐயா எழுதிய நாற்பது வரியை நீக்கியிருக்கிறேன், நடுவில் "அடு" என்ற வேரும் அடுப்பும் அடிசிலும் வந்து போயின. மட்டுறுத்துநர்)

*

அடவு என்றால் பரதநாட்டியம். தாத்தா மறுபடியும் "டான்ஸ் போட்டியா" என்றுதான் கேட்பார். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டோம்.
நாளிதழ்க்காரன்

*

சரி, ஆடிபிளுக்கு வாருங்கள். பயிற்சியாளர் பேசுவது குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கேட்கும், 1994இலிருந்து அனுமதி உண்டு. ஆனால் ப்ளேயைத் தொடங்கக் கொடுத்த நேரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அப்புறம் எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து அவரே கத்தி மாற்ற வேண்டும். குவார்ட்டர்பேக்காக இருந்த பெய்டன் மேனிங் "ஒமாஹா, ஒமாஹா" என்று கத்தியது பலருக்கு நினைவிருக்கும். "குரல்மாற்று" எனலாமா?
ஏழாம் நிலை ஆசிரியை

*

"துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" என்கிறார் வள்ளுவர். இந்த வழக்கத்துக்குத் தமிழில் சொல் இல்லாததே நல்லது.
தமிழாசிரியன்

*

ஐயா, அது கடைசி நேரத் தடுமாற்றம் இல்லை. பல சமயம் கூடி நிற்கும்போதே இரண்டு ப்ளே சொல்லிவிட்டுத்தான் கோட்டுக்குப் போகிறார்கள், முதலாவது ஒத்துவராது என்று தெரிந்தால் ஒரே சொல்லில் இரண்டாவதுக்குத் தாவுவார்கள். முன்பே எண்ணித் துணிந்ததுதான். குரல்மாற்று என்றால் எனக்கு மிமிக்ரி நினைவு வருகிறது. "அடவுமாற்று" போதும்.
விழுப்புரம்

*

வெள்ளி இரவு. எண்ணிப் பார்த்தேன். நகர்வுக்கு ஆறு பேர், அடவுக்கு நான்கு, வியூகத்துக்கு இரண்டு, சூழ்ச்சிக்கு ஐயா மட்டும். கேம் பிளான் "ஆட்டத்திட்டம்" என்றே இருக்கட்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ப்ளேக்கு நகர்வு. பையனிடம் அடவையும் சொன்னேன், அவன் அக்கா நாட்டிய வகுப்புக்குப் போகிறவள், சிரித்தே கொன்றுவிடுவாள் என்றான். ஆடிபிளைப் பேச்சிலிருந்தே தூக்கிவிட்டோம், 2018இல் அந்த ப்ளேயை ஓரத்துக்கு வந்து கேட்டு வாங்கியவர் ஃபோல்ஸ்தானே, அதற்கு அந்தச் சொல் தேவையும் இல்லை. எல்லாருக்கும் நன்றி.
ஏழாம் நிலை ஆசிரியை

*

நகர்வு என்று முடிவானால் ப்ளேபுக் என்னவாகும் என்று யாரும் சொல்லவில்லை. "நகர்வேடு" என்று மட்டும் அந்தப் பிள்ளை மேடையில் சொல்லிவிட வேண்டாம். தவிர, 1991 சூப்பர் பவுலுக்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தடுப்புப் பயிற்சியாளராக இருந்த பெலிசெக் போட்ட தடுப்புத் திட்டம் ஓஹையோவில் கான்டன் ஊர் அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் பேரன் சொன்னான். எதிரணியை ஓட விட்டு, பந்தை எறிய மட்டும் விடாமல் செய்து 20-19 என்று வென்றார்களாம். இதை வெறும் திட்டம் என்பீர்களா? சூழ்ச்சி பற்றித் திங்கட்கிழமை விரிவாக எழுதுகிறேன்.
தமிழாசிரியன்